பத்தாவது ஏரியல்

என் அக்காவின் கணவரைத் தெருவில் எல்லோரும் ‘ஏரியல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஏதோ பட்டம் கொடுத்துவிட்டதுபோல அவருக்கு அதில் உள்ளூரப் பூரிப்பு. கேலி செய்கிறார்கள் என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் மூளை வேண்டும், அதற்கு அத்தானிடம் வழியில்லை. பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வருவார். அக்கா நீட்டுகிற தேநீரை அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு, விறுவிறுவென்று மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். அங்கே கிழக்குச் சுவரை ஒட்டி அவருடைய ஒன்பது ஏரியல்கள் வரிசையாக நின்றன.

டிவி ஏரியலா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது, மனுஷனுக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும். ஸ்கேனர் என்று ஒரு பெட்டி வைத்திருந்தார். பார்க்க ரேடியோ மாதிரிதான் இருக்கும், பாட்டு வராது. டாக்சிக்காரர்களும் படகுக்காரர்களும் விமானிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்வதை அது ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கும். ஊரான் பேச்சை ஒட்டுக்கேட்க இத்தனை ஏற்பாடு! சரி, அதையாவது ஒழுங்காகக் கேட்டாரா? அதுவும் இல்லை. நாளாக ஆக, அந்தப் பெட்டி தூசி படிந்து கிடந்தது. பழைய காலத்து ஏரியல்களைத் தேடி அலைவதே முழுநேரப் பைத்தியமாகிவிட்டது.

பேருந்தில் போனால் கழுத்து ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கும். பையில் எப்போதும் ஒரு பைனாகுலர். என் கல்யாணப் படத்தில் குடும்பமே கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறது, அத்தான் மட்டும் எதிர்வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். “நூறு அடி தூரத்துலயிருந்து பார்த்தே வகை சொல்லிடுவேன்” என்று பீற்றிக்கொள்வார். கம்பி நீளமாக இருந்தால் தாழ்ந்த அலைக்காம், குட்டையாக இருந்தால் உயர்ந்த அலைக்காம். கேபிள் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் இருந்தால் நேற்றுப் பிறந்தது, பீங்கான் இருந்தால் பழசு. கம்பியை வெறுமனே செருகியிருக்கிறதா, மரை போட்டு முடுக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இதையெல்லாம் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்கிறீர்கள்? எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

அக்கா சம்பாதித்ததும் அதே மாடியில்தான். மூன்று முடிதிருத்தும் கடைகளுக்கும் ஒரு பல் மருத்துவருக்கும் துணி துவைத்துக் கொடுத்தாள். தினமும் அறுபது துண்டுக்குக் குறையாது. மேற்குப் பக்கம் இரண்டு கொடிகள் கட்டியிருந்தாள், நடுவில் ஒரு கம்பிக் கூடு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் தெருமுனையில் ஒரு டாக்சி கம்பெனியின் ஆபீசை இடித்தபோது, குப்பையோடு குப்பையாகக் கிடந்த அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள். “எதுக்கு இந்தத் துருப்பிடிச்ச குப்பையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டுவர்ற?” என்று அத்தான் திட்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். ஒரு பெயிண்ட் டின்னில் இடுப்பு உயரக் குழாய் ஒன்றைச் சிமெண்ட் போட்டு நட்டு, அதன் தலையில் அந்தக் கூட்டை வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டியது அக்காதான். காற்றில் மேல்நோக்கி மடங்கிய குடை மாதிரி எட்டுக் கம்பிகள் விரிந்து நிற்கும். அவற்றுக்கு அடியில் இன்னும் எட்டுக் கம்பிகள் படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே துண்டு, கீழே கைக்குட்டை.

சங்கம் என்று ஒன்று முளைத்த பிறகுதான் வினை பிடித்தது. பழைய ஏரியல் சேர்க்கிற பத்தொன்பது ஆண்பிள்ளைகளின் சங்கம். அவர்களுக்கு நிரந்தரமாகக் காட்சி வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. அத்தான் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், “என் மாடியை எடுத்துக்கோங்க” என்று வாக்குக் கொடுத்துவிட்டார். தலைவர் வந்து பார்த்துவிட்டுச் சரி சொன்னால் போதுமாம், பொறுப்பாளர் என்று இவர் பெயரைப் பலகையில் எழுதி மாட்டுவார்களாம். அன்று சாப்பிடும்போதே அக்காவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

“அடுத்த மாசத்துலயிருந்து மாடியில துணி கூடாது. ஈரத்துணி அலையைக் கெடுக்குது.”

“அப்ப துண்டெல்லாம் எங்க காயப்போடுறது?”

“விட்டுடு. யாரு உன்னை வேலை செய்யச் சொன்னா?”

அக்கா என் வீட்டுக்கு வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து சொன்னாள்: “ஒரு செருப்பு வாங்கணும்னாலும் இனிமே அந்த ஆள்கிட்டதான் கை நீட்டணுமா? என்னால முடியாதுடி.” அவள் அழவில்லை, எனக்குத்தான் வயிறு எரிந்தது.

தலைவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே போனேன். கூத்தை நேரில் பார்க்காமல் விடுவேனா? மாடியைக் காலி செய்து வைக்கும்படி அத்தான் இரண்டு நாளாகக் கத்தியிருந்தார். அக்கா விடியற்காலையிலேயே எழுந்து, வழக்கத்தைவிடப் பத்துத் துண்டு கூடுதலாகத் துவைத்து, ஒரு கம்பி பாக்கியில்லாமல் காயப்போட்டிருந்தாள். அத்தான் பல்லைக் கடித்தார். அதற்குள் தலைவர் படியேறிவிட்டார்.

தலைவர் முன்பு கப்பலில் ரேடியோ வேலை பார்த்தவர். அதிகம் பேசாத மனிதர், சட்டைப் பையில் ஒரு அளவு நாடா. அத்தானின் ஒன்பது ஏரியல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அத்தான் ஒவ்வொன்றுக்கும் சரித்திரம் சொன்னார். தலைவர் “ம்” போட்டார். நான் எண்ணிக்கொண்டே வந்தேன், ஒன்பது “ம்”, அவ்வளவுதான்.

திரும்பும்போது கொடிக்கு அடியில் குனிந்து வந்தவர் முகத்தில் ஈரத்துண்டு ஒன்று பொத்தென்று அறைந்தது. “மன்னிச்சுக்குங்க, இவ சொன்னா கேக்க மாட்டா” என்று அத்தான் ஓடினார். தலைவர் காதில் அது விழவே இல்லை. துண்டை ஒதுக்கிவிட்டு அந்தக் கம்பிக் கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மண்டி போட்டுவிட்டார்.

“பித்தளை. கையால கடைஞ்சது” என்றார். ஒரு கம்பியை இரண்டு விரலால் திருகினார், அது வழுவழுவென்று சுழன்று கழன்று வந்தது. “மரை எப்படி இருக்கு பாருங்க! பீங்கான்ல ஒரு கீறல்கூட இல்லையே.” நடுவில் ஒரு ஓட்டையில் துணி அடைத்திருந்தது. அதைப் பிடுங்கினார். உள்ளே கேபிள் மாட்டுகிற இடம் புதுக்கருக்கு மாறாமல் பளபளத்தது.

“இது டிஸ்கோன்” என்றார். “மேல தட்டு மாதிரி எட்டுக் கம்பி, கீழ பாவாடை மாதிரி எட்டுக் கம்பி. எல்லா அலையையும் ஒண்ணாவே வாங்கும். இந்த மாதிரி கையால செஞ்சதை நான் படத்துலதான் பார்த்திருக்கேன். யாரு இதைக் கண்டெடுத்தது?”

அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். “நான்தாங்க! டாக்சி ஆபீசை இடிக்கும்போது ஒரே பார்வையில கண்டுபிடிச்சேன்.”

அடப்பாவி! எனக்கு நாக்கு துடித்தது. அக்கா என் கையை அழுத்தினாள்.

தலைவர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். “அப்புறம் ஏன் தலைகீழா நிக்குது?”

அப்போதுதான் அத்தான் அதை முழுசாகப் பார்த்தார். தட்டு கீழே, பாவாடை மேலே. நூறு அடியிலிருந்து வகை சொல்கிற வித்வானுக்கு, பத்தடியில் கவிழ்ந்து நின்றது பதினோரு வருஷமாகக் கண்ணில் படவில்லை. தெரியாது என்றால் மானம் போகும். தெரியும் என்றாலோ, தெரிந்தே ஏன் கவிழ்த்தாய் என்று கேட்பார்கள்.

“அது வந்து... ஒரு பரிசோதனைக்காக...”

“கேபிள் இல்லாமலா?”

எனக்குச் சிரிப்பை அடக்கத் துண்டு தேவைப்பட்டது. அங்கே துண்டுக்கா பஞ்சம்!

“இந்த ஓட்டையை அடைச்சது யாரு?” என்று தலைவர் கேட்டார். “அடைக்காம விட்டிருந்தா என்னைக்கோ அரிச்சுப் போயிருக்கும்.”

“நான்தான்” என்றாள் அக்கா. “மழை பெஞ்சா கறைத் தண்ணி ஒழுகி வெள்ளைத் துண்டெல்லாம் பாழாகும். மழைக்காலத்துக்கு ஒருதடவை எண்ணெய்த் துணி மாத்துவேன். தூக்கிட்டு வந்ததும் நான், நட்டு வச்சதும் நான்.”

தலைவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். அக்காவைப் பார்த்து, “நல்லாப் பார்த்துக்கிட்டிருக்கீங்கம்மா” என்றார். பிறகு அத்தானிடம் திரும்பி, “சங்கத்துக்கு வேற இடம் பாத்துக்குறோம். உங்ககிட்ட இருக்கிற ஒன்பதும் எல்லார்கிட்டயும் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அத்தானுக்கு அவமானத்தைவிட ஆசைதான் பெரிதாக இருந்தது. தலைவர் தெருமுனை தாண்டுவதற்குள் கூட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அதிலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக உருவித் தரையில் போட்டார்.

“இதை நேரா நிமிர்த்திக் கேபிள் குடுத்துப் பார்க்கணும். நீ இனிமே கொடியிலேயே போட்டுக்க.”

அக்கா தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி வாளியில் போட்டாள். அவளுக்குக் குரல் உயரவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“இது என்னோடது, தொடாதீங்க. மாடியை விட்டும் நான் இறங்குறதா இல்ல. கிழக்குச் சுவர்கிட்டயும் நாளைக்கு ரெண்டு கொடி கட்டப்போறேன், உங்களுதை எல்லாம் ஒரு மூலைக்கு ஒதுக்கி வைங்க. பதினோரு வருஷமா தினமும் இதுக்குப் பக்கத்துலதான் நிக்கிறேன். நீங்களும் தினமும் மாடிக்கு வர்றீங்க. ஒரே ஒரு நாள், இவ இங்க என்னதான் பண்ணிட்டிருக்கான்னு என் பக்கம் திரும்பிப் பார்த்திருந்தா, இது என்னன்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கும் வீட்டுல ஒரு மனுஷன் இருக்கான்னு தோணியிருக்கும்.”

நான் அத்தானைப் பார்த்தேன். அக்கா பேசி முடிக்கிறவரை அவர் கண் அந்தப் பித்தளையை விட்டு நகரவே இல்லை.