பெண் கேட்கப் போன வீடு

2012 குளிர்காலத்தில் என் மகனுக்குப் பெண் கேட்கப் போனோம். என் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆம்பளை இல்லாமல் பெண் கேட்கப் போவதாவது என்று அவருடைய அண்ணன் மலேசியாவின் ஈப்போவிலிருந்து விமானம் ஏறி மெல்பர்னுக்கே வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து எங்கள் கிளென் வேவர்லி வீட்டில் ஹீட்டர் சரியில்லை, தேநீர் சரியில்லை, பெண்ணும் சரியில்லை. "கறுப்புக்காரப் பொண்ணு லா" என்றார். இவர் கண்ணாடியே பார்ப்பதில்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். காரியம் ஆக வேண்டுமே.

அந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லை. அப்பாதான் வளர்த்தார். உன் வீட்டு மனிதர்களைப் பார்த்த பிறகுதான் பேச்சு என்று அவர் என் மகனிடம் சொல்லியிருந்தார். அப்பாவின் மனம் கோணினால் அவள் கட்டமாட்டாள் என்பது மகனுக்கும் தெரியும். பையன் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அவள் அப்பா பிறந்தது சாவோ டோமே. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் சின்னஞ்சிறு தீவு. நானூறு வருடங்களுக்கு மேல் போர்த்துக்கீசியர் ஆண்ட இடம். நூலகத்தில் தேடி இவ்வளவுதான் தெரிந்துகொண்டேன். காரில் போகும்போதே கணவரின் அண்ணனிடம், "மாமா, கொஞ்சமா பேசுங்க" என்று கெஞ்சினேன். "எனக்கே சொல்லிக் கொடுக்கிறியா?" என்றார்.

டாண்டினோங்கில் சின்ன வீடு. பழம், பலகாரம், அண்ணன் விமான நிலையத்தில் வாங்கிய பெரிய சாக்லேட் பெட்டி எல்லாவற்றையும் தட்டில் வைத்தோம். பெண்ணின் அப்பா மரியாதையாக வாங்கி வைத்தார். சாக்லேட் பெட்டியை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார்.

"கோக்கோ தோட்டத்தில் பிறந்தவன் நான்" என்றார் ஆங்கிலத்தில். "லிஸ்பனுக்குப் போன பிறகுதான் முதல்முதலாக சாக்லேட் சாப்பிட்டேன்."

பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். யாருமே இல்லாத தீவுக்கு ஆப்பிரிக்கர்களைப் பிடித்து வந்து போர்த்துக்கீசியர் கரும்பு போட்டார்களாம். அப்புறம் காப்பி, கோக்கோ. அடிமைத்தனம் ஒழிந்தது என்று சட்டம் போட்ட பிறகும் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. அடிமை என்ற பெயரை எடுத்துவிட்டு ஒப்பந்தம் என்று எழுதிக்கொண்டார்கள். அவர்களுடைய இன்னொரு தீவுக்கூட்டமான கேப் வேர்டேயில் மழை பொய்த்துச் சனங்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது, அங்கிருந்து கப்பலில் ஆள் ஏற்றினார்கள். அப்படி ஏற்றப்பட்டவர்களில் ஒருத்தி அவருடைய அம்மா. விடியும் முன்னே மணி அடிப்பார்கள். எல்லோரும் முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அம்மா ஊர் திரும்பவில்லை. அந்தத் தோட்டத்திலேயே புதைத்தார்கள்.

மணி, வரிசை, இருட்டு எல்லாம் எனக்குத் தெரிந்தவை. நானும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பால்மரம் வெட்டிப் பால் எடுத்த குடும்பம்.

ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"நாங்களும் தோட்டத்து ஆட்கள்தான்!" என்று சோபாவின் நுனிக்கு வந்தார். "என் தாத்தா பெரிய கங்காணி. இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுவந்தவர். அவர் நடந்து வந்தால் தொழிலாளர் லயமே எழுந்து நிற்கும். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு உங்கள் பெண்ணைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறோம்."

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பேச்சில் கங்காணி வீடு என்றால் அது பட்டம் மாதிரி. இவரும் பெருமையாகத்தான் சொன்னார். என் மகன் கண்ணை மூடிக்கொண்டான்.

பெண்ணின் அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "கங்காணி என்றால் என்ன வேலை?" என்றார்.

"அப்பிடியே சூப்பர்வைசர்னு சொல்லு" என்றார் அண்ணன் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு.

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். ஆனால் அம்மாவை அந்த மண்ணில் புதைத்துவிட்டு வந்த மனிதர் கேட்கிறார். கல்யாணம் போனால் போகட்டும் என்று நினைக்க எனக்குத் தைரியமும் இல்லை. இருந்தாலும் பொய் வரவில்லை.

"ஊருக்குப் போய் ஆசை காட்டி ஆள் பிடித்து வருபவர்" என்றேன். "தலைக்கு இவ்வளவு என்று வெள்ளைக்காரனிடம் வாங்கிக்கொள்வார். தோட்டத்தில் பிரம்போடு நிற்பார். என் தாத்தா அப்படிப் பிடிபட்டு வந்தவர். அவரும் திரும்பிப் போகவில்லை."

"போதும்!" என்று அண்ணன் எழுந்துவிட்டார்.

பெண்ணின் அப்பா எழவில்லை. "என் அம்மாவின் வீட்டுக்கும் ஆள் பிடிக்க இப்படித்தான் ஒருவர் வந்தாராம்" என்றார். "நல்ல சட்டை போட்டிருந்தார், நன்றாகப் பேசினார், பெண்ணைக் கேட்டார். என் தாத்தா பசியில் இருந்தார். கொடுத்துவிட்டார். அம்மாவுக்குப் பதினாறு வயது." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் யாரையும் கொடுக்கமாட்டேன்."

முடிந்தது என்று நினைத்தேன். என் மகனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அண்ணன் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"உங்கள் மகன் நல்ல பிள்ளை" என்றார் அவர் என்னிடம். "ஆனால் என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? அவள் சமையலறையில் இருக்கிறாள். அவளைக் கேளுங்கள்."

எழுந்து போனேன். அவள் அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது, கண் சிவந்திருந்தது. பெண்ணிடமே எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. எங்களில் யாரும் அப்படிக் கேட்டுப் பார்த்ததில்லை.

"என் மகனைக் கட்டிக்கொள்ள உனக்கு இஷ்டமா?" என்றேன்.

"இஷ்டம் ஆன்ட்டி" என்றாள். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "உங்களை யாராவது இப்படிக் கேட்டார்களா?" என்றாள்.

வெளியே கார் கதவை அண்ணன் அறைந்து சாத்துவது கேட்டது. முப்பது வருடங்களுக்கு முன் என் அப்பா வீட்டுக்கு வந்து, தன் தம்பிக்கு என்னைக் கொடுங்கள் என்று கேட்டவர் அவர்தான்.

"இல்லம்மா" என்றேன்.