என் தூக்கம் எதில் சேர்த்தி?

பகலில் தூங்குகிற மனிதனை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் குடியிருப்புக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டினப்பாக்கத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற பழைய மூன்று மாடிக் கட்டடம் அது. பாதி வீடுகளில் ஓர் ஆண்பிள்ளை காலை ஒன்பது மணிக்குப் படுத்து மத்தியானம் மூன்றுக்கு எழுந்திருப்பான். விடியற்காலை இரண்டு மணிக்கு போட்டைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போய், வெயில் ஏறுகிற நேரத்தில் கரைக்கு வருகிறவர்கள் இவர்கள். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அண்ணன்.

அவன் வந்து குளித்துவிட்டு, ஈரமான மஞ்சள் மழைக்கோட்டை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் படுப்பான். கோட்டு தொங்கினால் ஆள் தூங்குகிறான் என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் படியேறுகிறவர்கள் செருப்பைத் தேய்க்காமல் நடப்பார்கள். எதிர்வீட்டு அக்கா கிரைண்டரை நிறுத்திவிடுவார். எங்கள் வீட்டு டிவியில் எல்லாரும் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பார்கள். குக்கர் விசில் வருவதற்கு முன் அம்மா ஓடிப்போய் அடுப்பைக் குறைப்பாள்.

இதில் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. பிறந்ததிலிருந்து இப்படித்தான். கோபம் வந்தது எனக்கும் ராத்திரி வேலை கிடைத்த பிறகு.

அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை லேப். ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை. மூன்று வருஷம் அதற்குத்தான் படித்தேன். எங்கள் கட்டடத்திலேயே மைக்ராஸ்கோப்பில் கண் வைத்த முதல் ஆள் நான்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். அது தப்பாக இருந்தாலும் யாரும் திருத்த வேண்டாம். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்து, சாயம் போட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு ஊரே இருக்கும். சம்பளமே தராவிட்டாலும் ஒரு மாசம் பார்ப்பேன் என்று தோழிகளிடம் பீற்றியிருக்கிறேன்.

எதை ஆரம்பித்தாலும் எனக்கு ஒரு வேகம் வரும். ராத்திரி வேலைக்கு உடம்பைப் பழக்குவது பற்றி ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். கண்ணில் வெளிச்சம் பட்டால் உடம்பு விடிந்துவிட்டது என்று நம்பிக்கொள்ளுமாம். அதனால் ஜன்னல் முழுக்கக் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டினேன். விடியற்காலை மூன்று மணிக்குப் பிறகு டீ கிடையாது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். லீவு நாளிலும் சீக்கிரம் எழுந்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது. எட்டரைக்குப் படுக்கை, மூன்றரைக்கு எழுந்திருப்பது என்று கட்டம் போட்டு, கலர் பேனாவில் எழுதி, அலமாரிக் கதவில் ஒட்டினேன்.

காலையில் ஷேர் ஆட்டோவில் ஏறும்போது வெளிச்சம் படாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி. முதல் நாளே பக்கத்தில் இருந்த பூக்காரம்மா என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு 'மெட்ராஸ் ஐ' வந்திருக்கிறதா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஆட்டோவே நகர்ந்து உட்கார்ந்தது. அதன் பிறகு பல நாள் எனக்கு இரண்டு பேர் இடம் கிடைத்தது. இந்த வேலையால் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அதுதான்.

ஏனென்றால் வீட்டில் என்னவோ அந்த அட்டவணையை யாரும் படிக்கவில்லை.

அம்மா விடிவதற்கு முன்பே துறைமுகத்துக்குப் போய் மீனை ஏலத்தில் எடுத்து, ரோட்டோரக் கடையில் ஒரு மணி வரை விற்க வேண்டும். அண்ணன் தூங்க வேண்டும். ஆக, பகலில் வீட்டில் கைகால் காலியாக இருக்கிற ஒரே ஆள் நான். நீதான் வீட்டில் இருக்கிறாயே என்பது அம்மாவின் வாதம். அம்மாவின் வாதம் மட்டுமா? எதிர்வீடு, கீழ்வீடு, காஸ் கொண்டுவருகிறவர், எல்லாரும் அதையே சொன்னார்கள். நான் வீட்டில் இருக்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தேன். இந்த வித்தியாசத்தை அண்ணன் விஷயத்தில் ஒரு மழைக்கோட்டைப் பார்த்தே புரிந்துகொள்கிறவர்களுக்கு என் விஷயத்தில் எட்டு மாசம் விளக்கியும் புரியவில்லை.

பதினோரு மணிக்குத் தண்ணி லாரி வரும். எட்டரைக்குப் படுத்தவள் பதினோரு மணிக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்க வேண்டும். எட்டுக் குடம், எட்டு நடை. வரிசையில் இடம் பிடிக்கத் தனியாக ஒரு சண்டை. இடுப்பில் குடத்தோடு ஏறும்போது பிளாஸ்டிக் குடம் கைப்பிடிக் கம்பியில் இடித்து ஒரு சத்தம் வந்துவிட்டால் போதும், எதிர்வீட்டு அக்கா தலையை நீட்டுவார்.

"மெதுவாம்மா. அண்ணன் தூங்குது."

என் தூக்கத்தைக் கலைத்துத் தண்ணி தூக்க விட்டுவிட்டு, அதையும் அவன் தூக்கம் கெடாமல் தூக்கச் சொல்கிறார்கள். நானும் தூக்கினேன் பாருங்கள், நுனிக்காலில். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

தண்ணி முடிந்து கண்ணை மூடினால் யாராவது சுகர் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அப்போது மட்டும் நான் டாக்டரம்மா. ஒரு மணிக்கு அம்மா விற்காத கானாங்கத்தை மீனைக் கூடையோடு கொண்டுவந்து இறக்கி, அறுத்துக் கழுவச் சொல்வாள். அதற்குப் பிறகு படுத்தால் ஒரு மணி நேரம் கிடைக்கும். என் தூக்கம் தையல்காரரிடம் மிஞ்சுகிற துணி மாதிரி. துண்டு துண்டாக நிறைய இருக்கும், ஒரு ரவிக்கைக்குப் பத்தாது.

அண்ணன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவனுக்கு இது எதுவும் தெரியாது, அவ்வளவுதான். அவன்தான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தானே.

எட்டாவது மாசம் அது நடந்தது. விடியற்காலையில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இருந்த இரண்டு பேருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. வகை பார்க்க நானே போய் ரத்தம் எடுத்து வந்தேன். இரண்டு குழாய், இரண்டு ஸ்டிக்கர். மாற்றி ஒட்டிவிட்டேன். எப்படி ஒட்டினேன் என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை. கண் திறந்திருந்தது, கை வேலை செய்தது, உள்ளே ஆள் இல்லை. முடிவை எழுதப் போகும்போது ஒருவருடைய பழைய ரிப்போர்ட் கோப்பில் இருந்ததால் கண்ணில் பட்டது. அதில் ஓ பாசிட்டிவ். என் குழாயில் பி பாசிட்டிவ். மனிதனுக்கு ரத்த வகை மாறாது. அந்தப் பழைய காகிதம் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. நான் படித்ததே அதைத்தான்.

நானே போய் மேற்பார்வை மேடத்திடம் சொன்னேன். மயிலாப்பூரிலிருந்து வருகிற, குரல் உயர்த்தாத அம்மா. இரண்டு பேருக்கும் மறுபடி ரத்தம் எடுக்க வைத்து, என் பெயரைப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆத்துல தூங்கறயா, இல்ல சும்மா படுத்துண்டிருக்கியா?"

இன்னொரு தடவை இப்படி எழுத வேண்டி வந்தால் வேலை நிரந்தரம் ஆகாது, அந்த மாசத்தோடு கிளம்ப வேண்டியதுதான் என்று சொன்னார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தேன். படுத்தேன். பதினோரு மணிக்கு லாரி ஹாரன் அடித்தது. போய்த் தூக்கினேன். அன்றைக்கும்.

ஒரு மணிக்கு அம்மா கூடையை இறக்கியபோது எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், ஸ்டிக்கர், பதிவேடு, எல்லாம். இனிமேல் பகலில் என்னை எழுப்பக் கூடாது என்றேன். அண்ணனுக்கு எப்படியோ அப்படியே எனக்கும் என்றேன். அந்தக் கடைசி வாக்கியம்தான் அம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"அவன் கடலுக்குப் போறான்டி. கண்ணு அசந்தா தண்ணிக்குள்ள பூடுவான். நீ ஏசில குந்திக்கினு கீற."

"அவன் அசந்தா அவன் பூடுவான். நான் அசந்தா எவனோ ஒருத்தன் பூடுவான். நான் யாருன்னுகூட அவனுக்குத் தெரியாது."

அம்மா கத்தியை எடுத்து மீனின் செதிலைச் சுரண்ட ஆரம்பித்தாள். நான்கு மீன் முடிந்தது. நான் சொன்னது மனசுக்குள் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"அப்ப தண்ணிய யாரு புடிக்கிறது?"

அவ்வளவுதான். ஒரு மனித உயிரை நடுவில் வைத்துப் பேசினேன், பதிலுக்கு எட்டுக் குடம் வந்தது. அம்மாவைக் குறை சொல்லவும் முடியவில்லை. தண்ணி இல்லாமல் சோறு வடிக்க முடியாது. அதைவிட எரிச்சல் என்ன இருக்கிறது? நியாயமான கேள்வியை என் ஒருத்தியிடம் மட்டுமே கேட்கிற வீட்டில் என்ன செய்வது?

மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. அம்மா கடையில், அண்ணன் இன்னும் கரை சேரவில்லை. இரண்டு இட்லி தின்றேன். ஃபோனை அணைத்தேன். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, ஃபேனுக்கு நேர்கீழே, அண்ணனுடைய பாயில், அண்ணனுடைய இடத்தில் படுத்தேன்.

ஒன்பது மணிக்குத் தட்டினான். கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நன்றாகக் கேட்டது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டார். பிறகு யார் யாரோ. கடலில் இருந்து வந்த பிள்ளையை வாசலில் நிறுத்தியிருக்கிறேன். இதைவிடப் பெரிய குற்றம் எங்கள் கட்டடத்தில் கிடையாது. எழுந்து போய்த் திறக்க என் கால் தானாகவே ஒரு தடவை அசைந்தது. அதட்டிப் படுக்க வைத்தேன். அந்த வேகத்திலேயே தூங்கிவிட்டேன்.

கதவு உடைகிற மாதிரி சத்தம் கேட்டு எழுந்தபோது மணி ஒன்றரை. அம்மா. நாலரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் ஒரே துண்டு. கண்ணுக்குப் பின்னால் எப்போதும் இருக்கிற அந்தக் கனம் இல்லை. எட்டு மாசத்தில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது.

திறந்தேன். வாசலில் குடங்கள். எங்களுடையது இல்லை, எங்கள் குடமெல்லாம் உள்ளே பூட்டிக் கிடந்தன. எதிர்வீட்டுச் சிவப்பு, கீழ்வீட்டு நீலம், யாருடையது என்றே தெரியாத பச்சை, ஏழோ எட்டோ, எல்லாம் வாய்வரை தண்ணி. அவற்றுக்கு நடுவே படிக்கட்டில் அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், மழைக்கோட்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு. கண் இரண்டும் சங்கரா மீன் மாதிரிச் சிவந்திருந்தன. லாரி வந்திருக்கிறது. எங்கள் வீட்டு ஆட்களில் வெளியே இருந்தவன் அவன் ஒருவன்தான்.

அம்மா திட்டியதை எழுத முடியாது. எதிர்வீட்டு அக்கா தன் பங்குக்கு, இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்டார். தூங்கி எழுந்த உடம்பு எவ்வளவு திட்டையும் தாங்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவர்கள் மூச்சு வாங்க நிறுத்தியபோது அண்ணன் என்னைப் பார்த்தான்.

"நாளைக்கும் சாத்துவியா?"

"சாத்துவேன்."

எழுந்து, மடியிலிருந்த கோட்டை என்னிடம் நீட்டினான்.

"அப்ப கொடத்த வெளிய வெச்சுட்டு சாத்து. வூடு வூடா போயி கொடம் கேக்க வெக்கமா கீது."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டான். அவன் கோட்டை நான்தான் ஆணியில் மாட்டினேன்.

இப்போது கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் பகலில் தூங்குகிறோம். தண்ணிக்கு ஒரு நாள் அவன் எழுந்து போவான், ஒரு நாள் அம்மா பக்கத்துக் கடைக்காரியிடம் தராசை ஒப்படைத்துவிட்டு வருவாள். என் லீவு நாளில் நான். என் பெயர் அதன் பிறகு பதிவேட்டில் ஏறவில்லை. வேலையை நிரந்தரமாக்கி மேடம் கடிதம் கொடுத்தபோது, தூக்கமெல்லாம் எப்படி என்று மட்டும் கேட்டார்.

கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. அண்ணன் இரண்டு குடத்தோடு படியேறினால் கட்டடமே நின்று பார்க்கிறது. தங்கமான பிள்ளை, தங்கச்சி தூங்கட்டும் என்று தண்ணி தூக்குது பார் என்று எதிர்வீட்டு அக்கா எனக்கே சொல்கிறார். அதே படியில், அதே குடத்தோடு, எட்டு மாசம் நான் ஏறினேன். அப்போது அந்த வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான். மெதுவாம்மா, அண்ணன் தூங்குது.