வரைபடத்தில் விடுபட்ட ஐந்து வீடுகள்

நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வரைபடம் வரைந்தவரை எல்லோரும் நூல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இழுத்த கோடு அப்படி நூல் பிடித்தாற்போல் இருக்கும். மனிதரும் அப்படித்தான், லேசில் வளைய மாட்டார். கடலோர மலையைப் பற்றிக் கேட்டால் போதும், வாய் ஓயாது. உயரம் நூற்று எண்பத்து நாலு மீட்டர். ஒரு காலத்தில் அது தீவு. அலை மணலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கரையோடு சேர்த்துவிட்டது. பாய்மரக் கப்பல்கள் நின்று தண்ணீர் பிடித்த ஊற்று கடல்பக்கச் சரிவில் இன்னும் இருக்கிறது. எல்லாம் சொல்வார். ஊற்றைச் சுற்றி ஐந்து வீடுகள் இருப்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

அதில் ஒன்று அவர் தங்கையுடையது. வீட்டுக்குச் சொல்லாமல் ஒரு படகோட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே குடியேறினவள். அண்ணன் பேச்சை நிறுத்தினார். அடுத்த வருடமே அந்த மலையை அளக்கிற வேலை வந்து தொலைத்தது. அளவைக் கருவி சுமந்த ஆட்கள் அவள் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். இவருக்கும் நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அலுவலகத்துக்கு வந்து தாளை விரித்தால், அவள் வீட்டுக்கு ஒரு கறுப்புக் கட்டம் போடக் கை வரவில்லை. ஒன்றை மட்டும் விட்டால் சரிபார்க்கிறவர் கண்ணை உறுத்தும் என்று ஐந்தையும் விட்டார். என்ன வீம்பு பாருங்கள்! கோபம் ஆறினதும் போட்டுவிடலாம் என்றிருந்தார். அதற்குள் தாள் அச்சுக்குப் போய்விட்டது.

இருபத்தாறு வருடம் கழித்து, துறைமுகத்துக்குக் கல் எடுக்க மலையின் கடல்பக்கத்தை உடைக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. வரைபடத்தில் உள்ள வீடுகளுக்கு மாற்று வீடு உண்டு. இல்லாதவை பிறகு முளைத்தவை என்று கணக்கு, அவற்றுக்கு ஒன்றும் கிடையாது.

மறுநாள் காலையில் தங்கை வந்து கதவைத் தட்டினாள். தலை பாதி நரைத்திருந்தது. அவள் புருஷன் இறந்ததற்குக்கூடப் போகாத அண்ணன், கதவைப் பிடித்தபடி நிலைப்படியிலேயே நின்றார்.

“அண்ணா, எங்க வீடெல்லாம் படத்துல இல்லைங்கறாங்க. அவங்களுக்குப் பார்க்கத் தெரியல. எங்க அண்ணன் வரைஞ்சது, ஒரு பாறையைக்கூட விட்டிருக்க மாட்டார்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீ வந்து கொஞ்சம் காட்டேன்.”

“நான் போடலம்மா.”

“மறந்துட்டியா?”

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். “இல்ல. உன் மேல இருந்த கோபத்துல வேணும்னே விட்டேன். அஞ்சையும். வா, ஆபீசுக்கு வந்து நானே சொல்றேன்.”

சொன்னார். அதிகாரி நிதானமாகக் கேட்டார். “உங்க படத்துல தப்பே இருக்காதுன்னு இந்த ஆபீசே சொல்லும் சார். இப்போ தங்கச்சிக்காக வந்து இப்படிச் சொன்னா யாரு நம்புவாங்க?” என்று தாளைச் சுருட்டி வைத்தார்.

வெளியே படிக்கட்டில் தங்கை நின்றுவிட்டாள். அவர் பாழும் மனதுக்கு அவள் நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

“என் மேல கோபம், சரி. அந்த நாலு வீட்டுக்காரங்க உனக்கு என்ன பண்ணினாங்க?” என்றாள். “அண்ணனைக் கூட்டிட்டு வரேன், கவலைப்படாதீங்கன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். இப்போ போய் நான் என்னன்னு சொல்லட்டும்?”