சித்தப்பா பக்கம் நின்ற திருகு

மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து அந்த இரும்புப் பெட்டி விழுந்தது. நடுவில், இருபுறமும் திருப்ப ஒரு கறுப்புத் திருகு. இடப்புறம் ஏ, வலப்புறம் பி. ஒரே பிரிண்டரையும் ஸ்கேனரையும் இரண்டு கம்ப்யூட்டர்களுக்குப் பொதுவாக்கும் பெட்டி. தொண்ணூறுகளின் கடைசியில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் ரிச்சி தெருவெல்லாம் அலைந்து வாங்கி வந்தது. ஏ, கூடத்தில் கம்ப்யூட்டர் ஜாதகம் போட்ட சித்தப்பாவுக்கு. பி, உள்ளறையில் எனக்கும் அக்காவுக்கும். திருகினால் போதும், எல்லாருக்கும் எல்லாம் என்று குதித்தேன். பெட்டி இருந்தது சித்தப்பாவின் மேசையில் என்பதை யோசிக்கவே இல்லை.

அக்கா படம் வரைவாள். தி. நகரில் ஒரு விளம்பர அலுவலகத்திலிருந்து சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் மாலை ஃபோன் வந்தது: விஜயதசமி காலையில் வாருங்கள், படங்களின் பிரதிகளைக் கொடுங்கள், பிடித்திருந்தால் வேலை. மறுநாள் ஜெராக்ஸ் கடைகளெல்லாம் பூஜைக்கு மூடிவிட்டன. வீட்டிலோ ஸ்கேனரும் பிரிண்டரும் மாலை போட்டுக்கொண்டு சுண்டலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

“பூஜைல வெச்சதத் தொடப்படாதுடி. நாளைக்குப் புனர்பூஜை ஆனப்பறம் எடுத்துக்கோ” என்றார் சித்தப்பா.

“அதுக்குள்ள நான் அங்க இருக்கணும் சித்தப்பா.”

“எல்லாம் அம்பாள் பாத்துப்பா, போ.”

சாயங்காலம் வாசலில் ஒரு கார் நின்றது. கல்யாண மண்டப முதலாளி; பெண்ணின் ஜாதகம் உடனே வேண்டுமாம். சித்தப்பா பிரிண்டரின் மாலையைக் கழற்றி ஸ்கேனர்மேல் போட்டார், பெட்டியின் திருகை ஏ பக்கம் திருப்பினார். அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினார்: “லக்ஷ்மி வரச்சே சரஸ்வதி கொஞ்சம் நகந்துப்பா.” வந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் ஊசிப்போன சுண்டலைக் கடித்ததுபோல நாக்கு கூசுகிறது.

கார் போனதும், “இப்ப எடுத்துத் தொலை” என்றார். அக்கா ஸ்கேனர் மூடியைத் திறந்தாள். கண்ணாடியின் நடுவே குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம். “முகம் மாதிரி பளபளன்னு இருக்கு, அங்கதானே இடணும்?” என்றபடி தோளில் கிடந்த ஈரத் துண்டால் அவரே தேய்த்தார். கண்ணாடி முழுக்க அப்பிக்கொண்டு, விளிம்பு வழியாக உள்ளேயும் இறங்கியது. நாங்கள் எவ்வளவு துடைத்தும் போகவில்லை. சாந்தோம் கரையில் அக்கா பார்த்துப் பார்த்து வரைந்த மீன்காரப் பெண்களின் முகங்களெல்லாம், ஆறாத புண்போல மஞ்சளும் சிவப்புமாக வந்து விழுந்தன.

பக்திக்காக மறுத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கார் ஹாரன் அடித்ததும் நகர்ந்துகொள்ளும் பக்தி அது.

மறுநாள் அக்கா அசல் படங்களையே கொடுத்துவிட்டு வந்தாள். வேலையும் வரவில்லை, படங்களும் வரவில்லை. கேட்டுப் போனபோது, “எங்கயாவது இருக்கும்மா” என்றார்களாம். சித்தப்பா அவள் ஜாதகத்தைச் சுடச்சுடப் பிரிண்ட் எடுத்து நீட்டினார். “பாரு, ஒனக்கு இப்ப நேரம் சரியில்லடி.” அக்கா அதன்பிறகு வரைந்து நான் பார்த்ததில்லை.

இப்போது என் வீட்டில் வயரே கிடையாது. எந்த அறையில் இருந்தும் பிரிண்ட் போகிறது. விழுந்த பெட்டியை எடுத்துத் தூசி தட்டினேன். திருகு ஏ பக்கமே நின்றிருந்தது. பி பக்கம் திருப்பிப் பார்த்தேன். துருவேறி இறுகிவிட்டது, அசையவில்லை.