சகலை காருக்குப் பார்த்துக் கொடுத்த கன்வெர்ட்டர்

துபாயில் ஒரு ஒர்க் ஷாப்பில் ஆறு வருஷம் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் பிரித்துப் பூட்டியவன் நான். ஊருக்குத் திரும்பி விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டு ஓரமாகத் தகர ஷெட் போட்டு உட்கார்ந்த பிறகுதான் புத்தி வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் மதுரையில் ஆட்டோமேட்டிக் கார் யாரிடம் இருந்தது? கிளட்ச் தேய்ந்த வேன்களும் புகை கக்கும் டீசல் கார்களும்தான் வந்தன. படித்த வேலை ஒன்று, பார்த்த வேலை இன்னொன்று என்று மூன்று வருஷம் ஓடியது.

அப்புறம் ஒரு ஆட்டோமேட்டிக் கார் வந்தது. அது யாருடையது என்றால், என் சகலையுடையது. எரியுமா, எரியாதா?

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். என்னைவிட ஏழு வயது இளையவன். சிங்கப்பூரில் இருந்துவிட்டு, கப்பலில் காரையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். ஜப்பான் கார், சிவப்பு, இரண்டே கதவு, டர்போ எஞ்சின். வில்லாபுரத்தில் மாமனார் வீட்டு வாசலில் அதை நிறுத்திய அன்று தெருவே கூடிவிட்டது. என் பழைய வேனைத் தள்ளி நிறுத்தச் சொன்னது வேறு யாருமில்லை, என் பெண்டாட்டிதான்.

அந்த வீட்டில் கறி எடுத்தால் ஈரல் முதலில் மூத்த மாப்பிள்ளை இலைக்குத்தான் வரும். கல்யாணமான நாள் முதல் அதுதான் வழக்கம். அன்றைக்கு மாமியார் கரண்டியோடு வந்தவர் என்னைத் தாண்டிப் போய் அவன் இலையில் வைத்தார். "சின்ன மாப்பிள்ள இம்புட்டு நாளா வெளியூருல நல்ல சோறு திங்காம கெடந்துருக்காரு" என்றார். நான் மட்டும் துபாயில் தினம் விருந்தா சாப்பிட்டேன்? ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். சின்ன விஷயம்தான். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கரண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்வேன்.

சரி, அவனாவது கொஞ்சம் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. "அண்ணே, அண்ணே" என்று காலைச் சுற்றிக்கொண்டே திரிவான்.

ஒரு நாள் ஷெட்டுக்கு வந்தான். கையில் ஃபேக்ஸ் தாள். "அண்ணே, நின்ன எடத்துலருந்து கெளம்பும்போது வண்டி தூங்குது. ஓட ஆரம்பிச்சாத்தான் டர்போ முழிக்குது. டார்க் கன்வெர்ட்டரை மாத்துனா பாயும்னு சிங்கப்பூருல கூட்டாளி சொல்றான். மூணு தினுசு எழுதி அனுப்பிருக்கான். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் மிதி கிடையாது. எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இந்தக் கன்வெர்ட்டர் இருக்கும். இரண்டு சட்டியை வாயோடு வாய் வைத்து ஒட்டியது மாதிரி ஒரு உருண்டை. உள்ளே எண்ணெய், எதிரெதிராக இரண்டு விசிறி. எஞ்சின் ஒன்றைச் சுற்றும். அது தள்ளுகிற எண்ணெய் மற்றதைச் சுற்றும். எஞ்சின் எத்தனை சுற்று போன பிறகு வண்டியை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம். அதிகச் சுற்றில் பிடித்தால், எஞ்சினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் டர்போ முழித்த பிறகு கிளம்பும், பாயும். ஆனால் அதுவரைக்கும் எண்ணெய் வழுக்கிக்கொண்டே இருக்கும், கொதிக்கும். பந்தய மைதானத்தில் அது பரவாயில்லை. அரை மணி நேரம் ரயில்வே கேட்டில் நின்று, மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போகிற ஊரில்?

தாளில் மூன்று வரி. முதலாவது, ஏற்கெனவே வண்டியில் இருப்பதைவிடக் கொஞ்சம் மேல். இரண்டாவது இரண்டாயிரத்து அறுநூறு சுற்றில் பிடிக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் வழுக்காமல் பூட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. மூன்றாவது மூவாயிரத்து அறுநூறு; அந்தப் பூட்டு இல்லை. பார்த்தவுடனே என் விரல் இரண்டாவதில் போய் நின்றது. யோசிக்கவே வேண்டியதில்லை, அந்தக் காருக்கும் இந்த ஊருக்கும் அதுதான்.

"மூணாவது எப்படிண்ணே?" என்றான். கண்ணெல்லாம் ஆசை.

விரலை எடுத்தேன். "பாயும்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை. பாயத்தான் செய்யும். மீதியைச் சொல்ல அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷம் நான் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் மனசில் ஓடியது இதுதான்: ஒரே ஒரு தடவை இந்தக் கார் நடுரோட்டில் நிற்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும். அதை மாட்டிய கை யாருடையது என்று கேட்பார்களே, அந்தப் புத்தி அப்போது வரவில்லை. பொறாமை பிடித்தவனுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது, எனக்குத் தெரியவில்லை.

கூட்டாளி அதைப் பெட்டியில் துணி சுற்றி விமானத்தில் கொண்டுவந்தான். திருச்சியில் இது என்ன என்று கேட்ட கஸ்டம்ஸ்காரர்களுக்கு விளக்க முடியாமல் மாவு அரைக்கிற சாமான் என்று சொன்னானாம். மூன்று நாள் வேலை. பாக்ஸை இறக்கி, கன்வெர்ட்டரை ஏற்றி, பல்லோடு பல் விழுகிற சத்தம் கேட்டுக் கேட்டு உட்கார வைத்தேன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மூன்று வருஷம் கழித்து என் கைக்கு வந்த வேலை. சந்தோஷமாகத்தான் செய்தேன், அதை மறைப்பானேன். எண்ணெய் சூடாகாமல் இருக்கத் தனியாக ஒரு கூலர் வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

திண்டுக்கல் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். பின்பக்கம் ஒரு குந்து குந்தி, பாய்ந்தது. அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அன்றைக்கே வில்லாபுரம் போய் எல்லோரிடமும், "பெரியண்ணே கை வச்சா வச்சதுதான்" என்று சொல்லிவிட்டான். என் பெண்டாட்டி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

பங்குனியில் பேரையூர்ப் பக்கம் மாமனார் வீட்டுக் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு. காரில் அவன் ஓட்ட, முன் சீட்டில் மாமியார். பின்னால் குழந்தை உட்காரவே இடம் போதாத சீட்டில் அவன் மனைவியும் என் மனைவியும். "ஏசி காத்து மூஞ்சில படட்டும்ங்க, ஒரு தடவதான" என்று போய் ஏறிவிட்டாள் என்னவள். என் வேனில் மாமனார், அண்டா குண்டா, அரிசி மூட்டை. அப்புறம் கிடா. வழி நெடுக அது என் தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டே வந்தது.

திருமங்கலம் கேட் மூடிக் கிடந்தது. வெயிலில் ஏசி போட்டபடி அவன் கார் நின்றது. நான் வேனிலிருந்து எட்டி அதன் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லுப்பட்டி தாண்டியதும் பருத்தி ஏற்றிய டிராக்டர்கள் முன்னால் ஊர்ந்தன, அவனும் ஊர்ந்தான். இறங்கி ஓடிப்போய் நிறுத்தச் சொல்லலாமா என்று நினைத்தேன். என்னவென்று சொல்வது? அதற்குள் அவன் காருக்கு அடியிலிருந்து புகை வந்தது. நான் போய்ச் சேரும்போது கருகிய வாடை, ரோட்டில் கியர் பாக்ஸின் சிவப்பு எண்ணெய் கோடு போட்டிருந்தது.

மாமியார் இறங்கிக் கருவேல மரத்தடியில் நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்க பாத்து மாட்டுனதுதான மாப்பிள்ள? பெரியண்ணே கைன்னு அம்புட்டுப் பேசுனாகளே."

மாமனார் பார்த்தார். என் மனைவி பார்த்தாள். இதுதான் நான் ஆசைப்பட்ட இடம், நடுரோடு. ஆனால் நிற்பது அவன் இல்லை, நான். என் தொழில், என் கை, இனிமேல் அந்தக் குடும்பத்தில் என் பேச்சு, எல்லாம் அந்த எண்ணெயோடு ரோட்டில் கிடந்தது. வாயைத் திறந்தேன், என்ன சொல்லப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"இல்லத்தே" என்றான் அவன். "அண்ணே வேற ஒண்ணத்தான் சொன்னாக. இது நம்ம வெயிலுக்குத் தாங்காதுன்னாக. நாந்தான் கேக்காம ஆசப்பட்டு வாங்கியாந்தேன். மாட்டிக் குடுங்கன்னு நின்னா அவுக என்ன செய்வாக?"

மாமியாருக்கு முகம் மாறிவிட்டது. "மூத்தவுக சொன்னாக் கேக்கணும்யா" என்று அவனைத்தான் வைதார். நான் போய் வேன் கதவைத் திறந்துவிட்டேன். எல்லோரும் என் வேனில் ஏறினார்கள். மாமியார் எனக்குப் பக்கத்தில். அவன் பின்னால் கிடாவின் கயிற்றைப் பிடித்தபடி வெறும் தரையில் உட்கார்ந்து வந்தான். கோயிலில் இலை போட்டதும் ஈரல் நேராக என் இலைக்கு வந்தது. சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது?

காரை இழுத்து வந்து ஷெட்டில் போட்ட பிறகு ஒரு காலையில் அவனிடம் கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லலயே தம்பி. ஏன் அப்படிச் சொன்ன?"

"எனக்குப் போனா காருதாண்ணே. ஒங்களுக்குத் தொழிலு" என்றான். பிறகு காருக்குள் குனிந்து அந்த ஃபேக்ஸ் தாளை எடுத்து நீட்டினான். இரண்டாவது வரியின் மேல் கறுப்பாக ஒரு கிரீஸ் ரேகை. என் ஆள்காட்டி விரல். "நீங்க சொன்னீகண்ணே. வாயால சொல்லல, அம்புட்டுத்தான். நாந்தான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன். இதையே வாங்கிருவோமா?"

கேலி செய்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்த விரல் ஏன் விலகியது என்று அவனுக்குத் தெரிந்திருந்ததா, தெரியாதா, அதை மட்டும் நான் கேட்கவில்லை.

இரண்டாவது வரியை வரவழைத்து மாட்டினேன். கியர் பாக்ஸுக்குள் கருகிப் போன பிளேட்டுகளை மாற்றினேன். கேட்காமலே கூலரும் வைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கார் எத்தனையோ பங்குனி வெயிலில் பேரையூர் போய் வந்தது. அவன் அதை விற்ற அன்று நான்கூட வருத்தப்பட்டேன்.

கார் மேல் இருந்த பொறாமை போய்விட்டது. ஆனால் கருவேல மரத்தடியில், எண்ணெய் வழிந்துகொண்டிருக்கும்போதே, மூச்சுவிடுவதற்குள் அவன் வாயிலிருந்து வந்த அந்தப் பொய் இருக்கிறதே. அவன் இடத்தில் நான் நின்றிருந்தால் அது எனக்கு வந்திருக்காது. அதை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.