அக்காவின் தலைக்குள் வளர்ந்த கட்டி

ஏரியூரில் கட்டிக்கொடுத்த என் அக்காவுக்கு ஓயாத தலைநோவு. காலையில் எழுந்ததும் வாந்தி. கண் மங்குகிறது என்று சொன்னபோது அவள் மாமியார், "வேலைக்குப் பயந்துக்கிட்டு நடிக்கறா" என்றார். உள்ளூர் டாக்டர் அவள் கண்ணைக்கூடச் சோதிக்காமல் நரம்புத் தளர்ச்சி என்று சீட்டு எழுதினார். அந்த மாத்திரையை எட்டு மாதம் விழுங்கினாள்.

நான் அப்போது பென்னாகரத்தில் ஆசிரியை. எண்பதுகளின் நடுவில், ஒரு பள்ளி விடுமுறையில் அவளைப் பார்க்கப் போனேன். சோறு பரிமாற வந்தவள் தட்டுக்கு வெளியே கொட்டினாள். யாரையும் கேட்கவில்லை. அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். தருமபுரியில் கண்ணைச் சோதித்த டாக்டர் பதறிப்போய் மெட்ராசுக்கு அனுப்பினார். அக்காவின் கணவர், மாமாவும் கூட வந்தார்.

அங்கே எடுத்த ஸ்கேன் படத்தில், மண்டை ஓட்டை ஒட்டி எலுமிச்சம்பழம் போல வெள்ளையாக ஓர் உருண்டை.

"இது மூளைக்குள்ளேயே முளைச்சதா தெரியலை. மேல் உறையில இருந்து வளர்ந்திருக்கு. எடுத்துச் சோதிச்சாத்தான் எந்த வகைன்னு உறுதியாச் சொல்லலாம்" என்றார் டாக்டர். சில வகை பரம்பரையாக வருமாம். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே காது மந்தமா, இப்படிக் கட்டி வந்ததா என்று கேட்டார். யாருக்கும் இல்லை.

கட்டியை எடுத்தார்கள். சோதனையில் புற்று இல்லை என்று வந்தது. அக்கா பிழைத்தாள். இடக்கண் போனது போனதுதான்.

"கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா..." என்றார் டாக்டர்.

தையல் பிரிப்பதற்குள் மாமா ஊருக்குப் போய்விட்டார். டாக்டரின் கேள்வியை மட்டும் கையோடு கொண்டுபோயிருந்தார். ஏரியூர் முழுக்க அதே பேச்சு: வம்சத்து நோவாம்.

நான் டாக்டரிடம் எழுதி வாங்கினேன்: பரம்பரை நோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை. அக்காவையும் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் நின்று சத்தமாகப் படித்தேன்.

மாமா காகிதத்தைத் தொடவே இல்லை. "காயிதம் கெடக்கட்டும்மா. நாளைக்கு எம் பொண்ணுக்கும் வந்தா? ஒங்கக்கா ஒங்க வூட்டுலயே இருக்கட்டும்."

"எட்டு மாசம் பாத்துக்கிட்டு சும்மா இருந்தீங்களே மாமா, அது எந்த வம்சத்து நோவு?" என்று கத்தினேன். தெருவே கூடிவிட்டது.

அக்கா என்னை விலக்கிவிட்டு உள்ளே போனாள். மகளின் பாவாடைகளை ஒரு பையில் அள்ளினாள்.

"பொண்ணு எங்கூட வருதுங்க" என்றாள். அவர் தடுக்கவில்லை. மகளின் நோயைப் பற்றி அத்தனை கவலைப்பட்டவர், போகிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வருடமே வேறு கல்யாணம் செய்துகொண்டார். பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். நான் அதை எடுத்துக் கிழித்து அடுப்பில் போட்டேன்.