சரக்கை இறக்குவதற்கு முன்

செய்தி வாட்ஸப்பில் வந்தது. பட்டறைக் குழுவில், சரக்குப் படங்களுக்கு நடுவே ஒரு வரி: பேச்சியம்மாள் அக்கா எழுமலையில் காலமானார். நான் ஷேர் ஆட்டோவில் இருந்தேன். அவனியாபுரத்தில் இறங்க மறந்துவிட்டேன்.

எங்கள் பம்புசெட் பட்டறையில் ஸ்டோர்ஸ் அவர் பொறுப்பு, கொள்முதல் என் பொறுப்பு. அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். லாரி வந்ததும் அவர் சரக்கைப் பார்க்க மாட்டார். சரக்கோடு வந்த சலானைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிப்பார்.

"எக்கா, வந்துருக்கது இரும்பு. எம்புட்டு நேரம் படிப்பீக?" என்பார் டிரைவர்.

"இறக்குனா ஒத்துக்கிட்டதாயிரும்ல. எத ஒத்துக்கிறோம்னு பாக்க வேணாமா?"

'எங்கள் ஆர்டரின் நிபந்தனைகளுக்கு மட்டும் உட்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திடுவார். பிறகுதான் லாரியின் கதவு திறக்கும்.

ஒரு மதியம் அவர் வெளியே போயிருந்தார். இரும்பு வார்ப்புகள் வந்தன. இறக்கச் சொன்னேன். கையெழுத்தை மட்டும் அக்காவுக்கென்று விட்டுவைத்தேன். அது போதும் என்று நினைத்தேன்.

அவர் வருவதற்குள் முதல் வார்ப்பு கடைவதற்கு லேத்தில் ஏறியது. உள்ளே பொடிப் பொடியாய்த் துளைகள். சலானின் பின்னால்: 'இறக்கிய சரக்கு திரும்பப் பெறப்படாது.' என் வேலை போய்விடும் என்று பயந்தேன். அக்கா வந்ததும் ஓடினேன்.

"நான் சரின்னே சொல்லலையேக்கா. கையெழுத்தும் போடல."

"ஆள விட்டு இறக்குனது யாரு, உங்க அப்பத்தாவா? மொதல்ல லேத்த நிறுத்து. இன்னொன்னு ஏறுனா அதுவும் ஒத்துக்கிட்ட கணக்குதான்."

பிறகு ஒரு பழைய கோப்பை எடுத்தார். வார்ப்புகளைச் செய்து அனுப்பிய அதே ஃபவுண்டரி, அதே வாசகம் அச்சிட்ட சலான். ஆனாலும் பழுதான வார்ப்புகளை மூன்று முறை திரும்ப எடுத்திருந்தார்கள். போனில் ஃபவுண்டரிக்காரர் கத்தினார். அக்கா கத்தவில்லை.

"அண்ணே, பேப்பர்ல அப்படித்தான் இருக்கு. மூணு தடவ வண்டி அனுப்பி எடுத்துட்டுப் போனீகளே, அது என்ன கணக்கு? நாங்க இறக்குனது பேசும்னா, நீங்க எடுத்துட்டுப் போனதும் பேசணும்ல?"

ஃபவுண்டரிக்காரரின் குரல் இறங்கியது.

"சாயந்தரம் வண்டி வரும்மா."

வந்தது. என் வேலை நிலைத்தது. ஆனால் கேள்வி போகவில்லை. நான் சம்மதித்தது எந்த நொடியில்? கதவு திறந்தபோதா? முதல் வார்ப்பு தரையைத் தொட்டபோதா? அக்காவிடம் கேட்டேன்.

"தெரியல தம்பி. 'நிறுத்து'ன்னு சொல்லியிருக்கலாம்ல, சொல்லாம நின்ன அம்புட்டு நேரமும் ஒத்துக்கிட்டதுதான்."

'நிறுத்து' என்று சொல்ல இன்னும் முடிகிற நேரத்தைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். சரக்கு வாசலில் நிற்கும், எவரும் எதற்கும் இன்னும் சம்மதிக்காத சில நிமிடங்கள். சலானைத் திருப்பிப் படிக்கிறேன்; டிரைவர்கள் இப்போது என்னைத் திட்டுகிறார்கள்.